கையெழுத்துப் போடுவதற்கு முன்: தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கும் அரசாங்க வேலைக்கும் போகும் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் என் அப்பா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார். விடியுமுன் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), அப்புறம் நிரை (அவருக்கு ஒதுக்கிய மர வரிசை). வெயில் ஏறும் நேரத்தில் காண்டாவில் (தோளில் சுமக்கும் தடியில்) இரண்டு வாளிப் பாலோடு ஸ்டோருக்கு வருவார். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், பாலை நிறுப்பார். பிறகு ஒரு மிதவையைப் பாலில் விட்டு அதில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்ப்பார். மெட்ரோலக் என்று அதற்குப் பெயர். மரத்துப் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். யாராவது வாளியில் ஆற்றுத் தண்ணீரைக் கலந்திருந்தால் மிதவை காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் கிராணியின் பேனா ஒரு கிலோவைக் குறைத்து எழுதினால், அதைக் காட்டிக்கொடுக்க எந்தக் கருவியும் கிடையாது.

அந்தப் பேனா இப்போது உங்கள் கைக்கு வரப்போகிறது. நீங்கள் குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறீர்கள், அல்லது ஆசிரியராகவோ தாதியாகவோ மாவட்ட அலுவலக குமாஸ்தாவாகவோ வேலைக்குச் சேர்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் முன்னால் அழைத்து ஜெபித்து அனுப்புகிறார்கள். திங்கட்கிழமை காலை மேசையில் இருக்கும் தாள்களை என்ன செய்வது என்று அங்கே யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருடம் ஆசிரியர் வேலை பார்த்து, இதே ஊரில் ஓய்வு பெற்று உட்கார்ந்திருக்கிறேன். கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில்: ஊழியம் என்ற சொல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள்

நம் சபைகளில் ஊழியம் என்றால் பிரசங்கம், ஜெபக்கூட்டம், ஞாயிறு பள்ளி. வேலையை விட்டுவிட்டு அதற்குப் போனவர் முழுநேர ஊழியர். மற்றவர்கள் எல்லாம் உலக வேலை பார்ப்பவர்கள். இந்தப் பிரிவினையோடுதான் நானும் வளர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆளும் திங்கட்கிழமை வேறு ஆளுமாக ஒரே உடம்பில் நடமாட இதுவே வழி செய்துகொடுக்கிறது.

சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அரசாங்கத்தில் வேலை செய்பவரை நாம் அரசு ஊழியர் என்றுதான் சொல்கிறோம். ரோமருக்கு எழுதின நிருபத்தின் 13ஆம் அதிகாரம் ஆளுகையில் இருப்பவனையே தேவ ஊழியக்காரன் என்கிறது. பவுல் கூடாரம் தைத்துச் சம்பாதித்தவர். தையல் விட்டுப்போன கூடாரத்தை விற்றுவிட்டு மாலையில் பிரசங்கம் செய்திருந்தால் கொரிந்து ஊரில் யார் கேட்டிருப்பார்கள்? நில அலுவலகத்தில் ஒரு பாட்டியின் மனுவை அடுக்கின் அடியில் தள்ளாமல் வந்த வரிசைப்படி எடுப்பது ஊழியம். மாணவனின் விடைத்தாளை இரண்டாம் முறை படித்து மதிப்பெண் போடுவதும் ஊழியம்.

ஆகவே வேலைக்குப் போகும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் செய்யப்போகும் வேலையால் யாருடைய வாழ்க்கை நன்றாகவோ மோசமாகவோ ஆகும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பதவியின் பெயரை எழுத வேண்டாம், ஆட்களை எழுதுங்கள். ‘ஆறாம் நம்பர் லயத்துப் பிள்ளைகள்’, ‘கிளினிக்குக்கு வரும் வங்காளதேசத் தொழிலாளர்கள்’ என்று. அழைப்பு என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்தத் தாளில்தான் இருக்கும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஆனால் சட்டைப்பையில் சின்ன நோட்டு ஒன்று வைத்திருந்தார். அன்றன்று ஸ்டோரில் நிறுத்த எடையைத் தேதி போட்டு எழுதுவார். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். வித்தியாசம் இருந்தால் கிராணியிடம் போய் நோட்டைக் காட்டுவார், சத்தம் போடமாட்டார். தேதியும் எடையும் எழுதியிருக்கும் நோட்டுக்கு முன்னால் பேச்சு அதிகம் தேவைப்படவில்லை.

நீங்களும் அப்படி ஒன்று வாங்குங்கள். கைப்பேசியில் வைத்தாலும் சரி, ஆனால் தாள் நோட்டு நல்லது. எந்தப் புத்தகத்திலிருந்து என்ன எடுத்தீர்கள், யார் எதைச் செய்யச் சொன்னார், எந்தத் தாளில் கையெழுத்திட்டீர்கள், யார் என்ன கொடுத்தார், அதை என்ன செய்தீர்கள் என்று அன்றைக்கே, தேதியோடு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து எழுதுவது வேறு. மனது அதற்குள் நமக்குச் சாதகமாகக் கதையைத் திருத்திவிடும்.

விண்ணப்பப் பாரம்: சோதனை இங்கேயே ஆரம்பிக்கிறது

பல்கலைக்கழகத்தில் கால் வைக்கும் முன்பே, அரசாங்கப் பல்கலைக்கழக இடம் கேட்கும் யூ.பி.யூ. விண்ணப்பப் பாரத்திலேயே முதல் சோதனை வந்துவிடும். தகுதி மதிப்பெண்ணில் 90 விழுக்காடு தேர்வுக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் போகிறது. இடத்துக்குப் போட்டி கடுமை. ஒரு மாநில அளவு சான்றிதழ் இருந்தால் கேட்ட படிப்பு கிடைத்துவிடுமே என்ற ஆசை வரும். உபகாரச் சம்பளப் பாரத்தில் குடும்ப வருமானத்தைக் குறைத்து எழுதலாமே என்ற யோசனையும் வரும், அண்ணனின் சிங்கப்பூர் சம்பளத்தை விட்டுவிட்டு. இதைச் சொல்லித் தருவது பெரும்பாலும் அந்நியர் இல்லை. நம்மேல் அன்புள்ள மாமாவோ சபை மூப்பரோதான் சொல்லித் தருவார்.

நான் விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஆசிரியராகி இரண்டாம் வருடம். பட்டதாரி ஆசிரியர் என்பதால் நகல்களில் ‘அசலுக்கு ஒத்தது’ என்று சாப்பு (முத்திரை) குத்திக் கையெழுத்துப் போட எனக்கு அதிகாரம் இருந்தது. சபையில் எங்கள் குடும்பத்துக்கு நெருக்கமான ஒரு வீட்டுப் பையன் ஆறு நகல் கொண்டுவந்தான். “அசல் வீட்ல இருக்கு சார், நாளைக்குக் கொண்டாறேன்” என்றான். ஆறிலும் கையெழுத்துப் போட்டேன். அவன் மறுநாள் வரவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து, ஓட்டப்பந்தயச் சான்றிதழ் வேறொரு பையனுடையது, பெயரை மாற்றிக் கணினியில் அச்சடித்தது என்று தெரிந்தது.

இரண்டு நாள் தூங்கவில்லை. நான் பொய் எதுவும் எழுதவில்லையே என்று முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. அசலைப் பார்த்தேன் என்று எழுதிய இடத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன், அந்தக் கையெழுத்தே பொய். அவன் வீட்டுக்குப் போய் அப்பா அம்மா முன்னால் பேசினேன். விண்ணப்பத்தைத் திருத்த ஒரு வாரம் கொடுத்தேன். திருத்தவில்லை. விண்ணப்பம் போன அலுவலகத்துக்கு, அசலைப் பார்க்காமல் உறுதிப்படுத்தினேன் என்று என் பெயரிலேயே கடிதம் எழுதினேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்தக் குடும்பம் நாலு வருடம் எங்களோடு பேசவில்லை, ஒரே ஆலயத்தில் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சோம்பேறித்தனமான அந்த ஒரு கையெழுத்துக்கு அவன் கொடுத்த விலைதான் அதிகம். நான் அன்றைக்கே அசல் கேட்டிருந்தால் அவனைக் காப்பாற்றியிருப்பேன்.

அதிலிருந்து எனக்கு ஒரு விதி, நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். அசல் கண்முன் இல்லாமல் நகலில் கையெழுத்து இல்லை. போதகர் வந்து கேட்டாலும் இல்லை, சொந்தத் தம்பி கேட்டாலும் இல்லை. இதை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் யாருக்கும் மனம் புண்படாது. ஆள் பார்த்து மறுக்கும்போதுதான் பகை வரும். நற்சான்றுக் கடிதம் கேட்டாலும் இப்படியே. நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்: “மூன்று வருடம் ஞாயிறு பள்ளியில் உதவி செய்தாள், நேரத்துக்கு வந்தாள்.” அது போதும். அதற்கு மேல் பூச்சு வேண்டாம்.

வகுப்பறையில்: கடன் வாங்கிய சொல்

பல்கலைக்கழகத்துக்குப் போன புதிதில் நம் பிள்ளைகள் பலர் திருடும் எண்ணத்தோடு காப்பி அடிப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதினால் முழு மதிப்பெண் கிடைத்தது, அந்தப் பழக்கம்தான். ஆங்கிலமும் மலாயும் தடுமாறும்போது அடுத்தவர் வாக்கியம் பத்திரமாகத் தெரிகிறது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அதற்காக அடுத்தவர் வாக்கியம் உங்களுடையது ஆகிவிடாது.

குறிப்பெடுக்கும்போது நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் நூலில் உள்ள வார்த்தை அப்படியே, மேற்கோள் குறியோடும் பக்க எண்ணோடும். வலப்பக்கம் அதைப் பற்றி உங்கள் சொந்த வார்த்தை, எவ்வளவு தடுமாற்றமாக இருந்தாலும் சரி. கட்டுரை எழுதும்போது வலப்பக்கத்திலிருந்து எழுதுங்கள். இடப்பக்கத்திலிருந்து எடுத்தால் ஆசிரியர் பெயரும் கூடவே வரவேண்டும். சின்ன வேலைதான், ஆனால் நள்ளிரவில் அவசரமாக எழுதும்போது எது யாருடையது என்ற குழப்பம் வராது.

காப்பி அடித்ததைக் கண்டுபிடிக்க உதவும் டர்னிட்டின் போன்ற மென்பொருளைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. அது காட்டும் விழுக்காடு குறைந்தால் நேர்மை என்று நினைக்கிறார்கள். அது ஒரே மாதிரியான எழுத்தைத்தான் தேடுகிறது. ஆங்கிலக் கட்டுரையை மலாயில் மொழிபெயர்த்துச் சொந்தப் பெயரில் கொடுத்தால் மென்பொருள் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. தண்ணீர் கலந்த பாலை மிதவை பிடிக்கும், பேனாவை யார் பிடிப்பது? பணம் கொடுத்து அசைன்மெண்ட் எழுதி வாங்குவதும் இந்தக் கணக்கில்தான் வரும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பயன்படுத்துவதற்குப் பாடத்துக்குப் பாடம் விதி வேறு. முதல் வாரமே விரிவுரையாளரிடம் கேளுங்கள், பதிலைத் தேதியோடு எழுதிவையுங்கள், பயன்படுத்தினால் பயன்படுத்தியதாகச் சொல்லுங்கள். விரிவுரையாளரிடம் சொல்லக் கூசும் அளவுக்குப் பயன்படுத்தியிருந்தால் அதை நீக்கிவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.

கள ஆய்வுதான் எனக்கு அதிகக் கவலை. தோட்டத்துப் பிள்ளைகள் தோட்டத்தைப் பற்றியே ஆய்வு செய்கிறார்கள், நல்லதுதான். அறுபது குடும்பம் பேட்டி காண வேண்டும், நாற்பத்திரண்டு முடிந்தது, நாள் போய்விட்டது. மீதிப் பதினெட்டையும் ‘நம்ம ஆளுங்கதானே, என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாதா’ என்று அறையில் உட்கார்ந்தே நிரப்பிவிடத் தோன்றும். தெரியாது. பக்கத்து வீட்டு அத்தை என்ன நினைக்கிறார் என்பது கேட்கும்வரை உங்களுக்குத் தெரியாது. நாற்பத்திரண்டு என்றே எழுதுங்கள், ஏன் குறைந்தது என்றும் ஒரு வரி சேருங்கள். மதிப்பெண் குறையலாம். தோட்டத்து மக்களின் வாயில் அவர்கள் சொல்லாத சொல்லை வைத்த பாவமாவது உங்களுக்கு வராது. நூறு வருடமாக இவர்களைப் பற்றி மற்றவர்கள்தான் எழுதினார்கள், இப்போது இவர்கள் பிள்ளை எழுதும்போதாவது சரியாக எழுத வேண்டும்.

இன்னொன்று. சம்மதப் பாரத்தை நீட்டினால் நம் பாட்டிமார் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள், உங்கள் மேல் உள்ள பாசத்தால். ஆகவே அதை வாய்விட்டுத் தமிழில் படித்துக் காட்டுங்கள். “வேணாம்னா வேணாம்னு சொல்லலாம் பாட்டி” என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒருவராவது வேண்டாம் என்றால், நீங்கள் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நம் முன்னால் போனவர் ஒருவரை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு அருகே ஊர்காவற்றுறையில் 1913ல் பிறந்த தனிநாயகம் அடிகள் கத்தோலிக்கக் குரு. 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக இருந்தார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது அவருடைய முயற்சியால்தான். 1679ல் அச்சான தமிழ்–போர்த்துகீசிய அகராதி ஒன்றின் பிரதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து, 1966லேயே கோலாலம்பூரில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். வேறெவர் கையிலும் இல்லாத பொருளை அந்த அகராதியைத் தொகுத்த பாதிரியார் ப்ரோயென்சாவின் பெயரோடு, எல்லோரும் சரிபார்க்கும்படி பொதுவில் வைத்தார். அங்கியும் ஆராய்ச்சியும் அவருக்கு இரண்டு வாழ்க்கையாக இருக்கவில்லை. அடிக்குறிப்பு எழுதச் சலிப்பாக இருக்கும் இரவில் நான் அவரை நினைத்துக்கொள்வேன்.

வேலையில் முதல் வருடம்: கோப்பிக் காசு

லஞ்சத்தைத்தான் இங்கே கோப்பிக் காசு என்பார்கள். சட்டத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பக்தி மட்டும் போதாது. 2009ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, உங்களிடம் யாராவது லஞ்சம் கொடுத்தாலோ கொடுப்பதாகச் சொன்னாலோ அதை ஆணையத்திடமோ போலீஸிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டோம், நம் கை சுத்தம் என்று சும்மா இருந்துவிட முடியாது. தெரிவிக்காவிட்டால் ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது பத்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். புதிதாக வேலைக்குச் சேரும் பலருக்கு இது தெரிவதில்லை.

நடைமுறையில் லஞ்சம் லஞ்சம் என்ற பெயரில் வருவதில்லை. தீபாவளிக்குப் பலகாரம், பெருநாளுக்குக் கூடை, ‘பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்க’ என்று ஒரு அங்பாவ், அதாவது உறையில் போட்ட காசு. எளிய மக்கள் நன்றியாகக் கொண்டுவரும் முருங்கைக்காயையும் குத்தகைக்காரர் அனுப்பும் கூடையையும் ஒன்றாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் பழக்கம் இல்லாத புதியவருக்கு எல்லை தெரியாது. ஆகவே முதல் வருடம் முருங்கைக்காயையும் அலுவலகத்துப் பொது மேசையில் வையுங்கள். எல்லோரும் எடுத்துப் போகட்டும். கொடுத்தவரிடம் “எல்லாருமா சாப்பிட்டோம், நன்றிங்க” என்று சொல்லுங்கள். அரசு ஊழியர் பரிசு வாங்குவதைப் பற்றிச் சுற்றறிக்கை இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்கள் முன் விண்ணப்பம் நிலுவையில் இருப்பவரிடம் எதுவுமே வேண்டாம்.

மறுக்கும் வாக்கியத்தை வீட்டிலேயே கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் நாக்கு எழாது. “ஐயா, உங்க வேலை எப்படியும் வரிசைப்படி நடக்கும். இதை நான் வாங்கினா உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்.” வேதவசனம் சொல்லி மறுக்காதீர்கள். கொடுக்க வந்தவரைப் பாவி என்று காட்டி நம்மைப் பரிசுத்தராக்கிக்கொள்ளும் வேலை அது.

லஞ்சம் வாங்காமல் இருப்பது பாதிதான். அதற்கு மேல் உங்கள் நாற்காலியால் என்ன நன்மை செய்ய முடியும்? மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) கிறிஸ்தவர், முன்சீப்பாக (கீழ்நிலை நீதிபதியாக) இருந்தவர். கைக்கூலியைக் கண்டித்துப் பாடினார். அதோடு நிற்காமல் ஆங்கிலத்தில் இருந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் கொண்டுவந்தார். வழக்காட வருபவனுக்குத் தன் வழக்கே புரியாத நிலையை அவர் அநீதியாகப் பார்த்தார் என்று நான் எண்ணுகிறேன். நம் ஊரில் இன்றைக்கும் மலாய் பாரத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைக்கும் பாட்டி இருக்கிறார். அவர் பெருவிரலைப் பிடித்து மையில் வைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் எடுத்து அதைத் தமிழில் சொல்லுங்கள்.

பொதுப் பணம்

படித்தவர் என்று தெரிந்ததும் ஊர் உங்களைப் பொருளாளர் ஆக்கிவிடும். பெற்றோர் ஆசிரியர் சங்கம், சபை இளைஞர் குழு, கால்பந்துக் கழகம். ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் முதல் கூட்டத்திலேயே மூன்று காரியம் கேளுங்கள். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து. ஐந்து ரிங்கிட்டுக்கும் ரசீது. மாதம் ஒருமுறை கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது. கணவனும் மனைவியும் அந்த இரண்டு கையெழுத்தாக இருக்கக் கூடாது. சபைப் பணத்தை ஒருநாள்கூட உங்கள் சொந்தக் கணக்கில் வைக்காதீர்கள். ‘திங்கட்கிழமை போட்டுடுவேன்’ என்பதிலிருந்துதான் நான் பார்த்த எல்லாக் கதையும் ஆரம்பித்தது.

“என்னை நம்பலையா?” என்று யாராவது கேட்பார், பெரும்பாலும் நல்லவர்தான் கேட்பார். ரசீது இருப்பது நல்லவரைக் காப்பாற்றத்தான் என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

இந்த ஊரில் பிறந்த மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்தார்கள். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) போடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று கேட்டார். அன்றைய தோட்டக்கூலியில் பத்து வெள்ளி சின்னத் தொகை இல்லை. அவர் கிறிஸ்தவர் அல்லர். நேர்மை நம் சபைக்கு மட்டும் சொந்தமான சொத்தும் அல்ல. அப்படிப்பட்ட பத்து வெள்ளிகள்தான் இன்னமும் உங்கள் கையில் வரும். இன்று அவை பள்ளிக்கூட நன்கொடையாக வரும், காணிக்கைப் பையில் வரும்.

சாட்சி

நீதிமன்றத்தில் சொல்வதும் சாட்சி, ஆலயத்தில் சொல்வதும் சாட்சி. தமிழில் ஒரே சொல். நீதிமன்றத்தில் கூட்டிச் சொன்னால் குற்றம், ஆலயத்தில் கூட்டிச் சொன்னால் அல்லேலூயா. இது எனக்கு நெடுநாளாக மன வேதனை. “நாலு பாடத்திலும் பெயிலாக வேண்டிய என்னைக் கர்த்தர் ஏ எடுக்க வைத்தார்” என்கிறோம். நாம் ராத்திரி பகலாகப் படித்ததும், டீச்சர் இலவசமாக வகுப்பு எடுத்ததும் அந்தச் சாட்சியில் காணாமல் போகிறது. உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் என்று ஆண்டவர் சொன்னார். அவருடைய புகழைப் பெருக்க நம்முடைய பொய் அவருக்கு வேண்டாம்.

அலுவலகத்தில் விசுவாசத்தை எப்படி வைத்துக்கொள்வது? அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தைக் கடைப்பிடிக்கும் உரிமையைத் தருகிறது. முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தவும் அது இடம் தருகிறது. இதை மதித்து நடங்கள். சட்டத்தைத் தாண்டி ஒரு நியாயமும் உண்டு. உங்களிடம் மதிப்பெண் வாங்க வேண்டிய மாணவனும், உங்கள் சாப்புக்குக் காத்திருக்கும் மனுதாரரும் சுதந்தரமாக ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறார்கள். அங்கே சுவிசேஷத் துண்டுத்தாளை நீட்டுவது நியாயமில்லை. சபைப் பிள்ளைக்கு வரிசையில் முன்னுரிமை கொடுப்பதும் அதே அநியாயம்தான். யாராவது தானாகவே, “நீங்க ஏன் இதை வாங்கமாட்டேங்கிறீங்க?” என்று கேட்டால், மறைக்காமல் சொல்லுங்கள், இரண்டு வாக்கியத்தில். அதற்குமேல் அவர் கேட்டால் பேசலாம்.

தவறைக் கண்டால்

உடனே கத்தாதீர்கள். முதலில் கண்டதையும் கேள்விப்பட்டதையும் நோட்டில் தனித்தனியாக எழுதுங்கள். பிறகு, ஆபத்து இல்லையென்றால் சம்பந்தப்பட்டவரிடமே கேளுங்கள். நான் குற்றம் என்று நினைத்த காரியங்களில் சிலவற்றுக்கு நேர்மையான விளக்கம் இருந்தது. விளக்கம் இல்லையென்றால் மேலதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். விவகாரம் ஊழல் என்றால், 2010ஆம் ஆண்டுத் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு ஊழல் தடுப்பு ஆணையம், போலீஸ் போன்ற அமலாக்க அமைப்பிடம் போய்ச் சொல்பவருக்கு உரியது. கோபத்தில் முதலில் ஃபேஸ்புக்கில் போட்டால் அந்தச் சட்டத்தை நம்பியிருக்க முடியாது.

விலை உண்டு. இடமாற்றம் வரலாம், தேநீர் நேரத்தில் உங்கள் மேசையைச் சுற்றி ஆள் இல்லாமல் போகலாம். கணவரிடமோ மனைவியிடமோ பெற்றோரிடமோ முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஆறு மாதச் சம்பளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைப்பதும் இந்த வழிகாட்டியில் ஒரு படிதான். கடன் கழுத்தை நெரிக்கும்போது உண்மை பேசுவது மிகவும் கடினம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே பெரிய கார் வாங்காதீர்கள் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வது இதனால்தான்.

நீங்களே தவறினால்? வேதாகமத்தில் வரும் வரி வசூலிப்பவன் சகேயு செய்ததைச் செய்யுங்கள். அவன் வருத்தப்பட்டதோடு நிற்காமல் தொகையைச் சொன்னான்: அநியாயமாய் வாங்கினதற்கு நாலு மடங்கு. யாருக்கு நஷ்டமோ அவரிடம் போங்கள், எவ்வளவு என்று சொல்லுங்கள், எப்போது கொடுப்பீர்கள் என்றும் சொல்லுங்கள். ஜெபம் அதற்கு முன்னும் பின்னும் இருக்கட்டும், அதற்குப் பதிலாக வேண்டாம்.

கடைசியாக: இரண்டு பேர்

தனியாக இதைச் செய்ய முடியாது. உங்களுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உங்கள் துறையை அறிந்தவர், மற்றவர் அதை அறியாதவர். துறை அறிந்தவரிடம் பூசி மெழுக முடியாது. அறியாதவரிடம், “எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க” என்று சொன்னால் அவர் புரியாமல் முகத்தைப் பார்ப்பார், அந்தப் பார்வை தேவை. ஒருவர் இந்துவாக இருந்தாலும் நல்லது. எனக்கு முப்பது வருடமாக அப்படி ஒரு நண்பர். நான் சபை மொழியில் ஒளிந்துகொள்ளும்போதெல்லாம், “அதெல்லாம் சரி, நடந்தது என்ன?” என்று கேட்பார்.

மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஒரு மணி நேரம், டவுனில் ஏதாவது சாப்பாட்டுக் கடையில் உட்காருங்கள். பெரிய கேள்விகள் வேண்டாம். இந்த மாதம் எதில் கையெழுத்துப் போட்டாய்? யார் என்ன கொடுத்தார்கள்? எதை என்னிடம் சொல்லத் தயங்குகிறாய்? முதல் சனிக்கிழமை போகும்போது நோட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். அதில் இன்னும் எதுவும் எழுதவில்லை என்றாலும் பரவாயில்லை, முதல் பக்கத்தில் தேதியை அங்கேயே போடுங்கள்.